ரிசீவரா, லைன்மேனா? என்எஃப்எல் அணிகள் ஆஃபென்ஸைக் கட்டும் விதம்

2021 ஏப்ரல் மாதம் சின்சினாட்டி பெங்கால்ஸ் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில், கல்லூரியிலிருந்து வரும் புது ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் அந்த மாதக் கடைசியில் நடக்கவிருந்தது. பெங்கால்ஸுக்கு ஐந்தாவது வாய்ப்பு. ஒரு கட்சி ஜமார் சேஸை எடுக்கச் சொன்னது. அவர் ரிசீவர், தூரத்தில் வந்து விழும் பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடுபவர். மறு கட்சி பெனே சூவலைக் கேட்டது. அவர் லைன்மேன், பந்தைத் தொடுவதே அபூர்வம். எதிரணி ஆட்கள் தன் குவார்ட்டர்பேக்கை நெருங்கவிடாமல் மறித்து நிற்பதுதான் அவர் வேலை.

வாதத்துக்கு வலுவான காரணம் இருந்தது. முந்தைய ஆண்டு டிராஃப்டில் முதல் ஆளாக எடுத்த குவார்ட்டர்பேக் ஜோ பர்ரோ, 2020 நவம்பரில் வாஷிங்டனுக்கு எதிராக ஆடும்போது அடிபட்டார். இடது முழங்காலில் தசைநார் கிழிந்து, மீதி சீசன் போயே போய்விட்டது. அவரைக் காப்பாற்ற ஆள் வேண்டும் என்றார்கள் ஒரு சாரார். அவர் எறிவதைப் பிடிக்க ஆள் வேண்டும் என்றார்கள் இன்னொரு சாரார். சேஸும் பர்ரோவும் லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒன்றாக ஆடி, 2019 சீசனில் தேசிய சாம்பியன் பட்டம் வென்றவர்கள் என்பதால் அந்தப் பக்கமும் லேசுப்பட்டதாக இல்லை.

பெயர்கள் மாறினாலும் இதே கேள்வி ஒவ்வொரு வசந்தத்திலும் ஏதாவது ஓர் அணிக்கு வந்துவிடுகிறது. ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு இந்த வாதம் எதைப் பற்றியது என்றே புரியாமல் போகலாம். நல்ல ஆட்டக்காரர் யாரோ அவரை எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே, இதில் என்ன குழப்பம் என்று தோன்றும். குழப்பம் எங்கே தொடங்குகிறது என்று பார்ப்போம்.

முதலில் ஆட்டம். ஒவ்வோர் அணியிலும் 53 பேர். களத்தில் ஒரு நேரத்தில் 11 பேர்தான். பந்து தன் வசம் இருக்கும்போது இறங்கும் 11 பேர் ஆஃபென்ஸ். பந்து எதிரணியிடம் இருக்கும்போது இறங்கும் வேறு 11 பேர் டிஃபென்ஸ். ஆஃபென்ஸுக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடியும் நான்கு. இப்படி நகர்ந்து நகர்ந்து எதிர்முனையைத் தொட்டால் டச்டவுன்.

அந்த 11 பேரில் ஐந்து பேர் லைன்மேன்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், இரு ஓரங்களிலும் டாக்கிள்கள். பெரும்பாலோர் 136 கிலோவுக்கு மேல் இருப்பார்கள். இவர்களுக்குப் பின்னால் குவார்ட்டர்பேக். பந்தை யாருக்கு எறிவது, யார் கையில் கொடுப்பது என்று அந்தக் கணத்தில் தீர்மானிப்பவர் அவர்தான். மிச்சம் ஐந்து இடங்களில் ரிசீவர்கள், பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து ஓடும் ரன்னிங் பேக், மறிப்பதும் பிடிப்பதுமாக இரண்டு வேலையும் செய்யும் டைட் எண்ட் ஆகியோர். ஆட்டத்துக்கு ஆட்டம், திட்டத்துக்குத் திட்டம் இந்த ஐவரின் கலவை மாறும். லைன்மேன்கள் ஐந்து பேர் என்பது மட்டும் மாறாது.

அடுத்தது பணம். 1994 முதல் என்எஃப்எல்லில் சாலரி கேப் இருக்கிறது. ஆட்டக்காரர்களின் சம்பளக் கணக்கு ஓர் ஆண்டில் இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று 32 அணிகளுக்கும் ஒரே உச்சவரம்பு. ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வோர் அணியின் பர்ஸிலும் இவ்வளவுதான் பணம் என்று வைத்திருப்பதைப் போல. 2021இல் இந்த வரம்பு 18.25 கோடி டாலர், 2025இல் 27.92 கோடி. முதலாளி எவ்வளவு பெரிய கோடீஸ்வரராக இருந்தாலும் பெட்டியைத் திறந்து எல்லா நட்சத்திரங்களையும் வாங்கிவிட முடியாது. ஓர் இடத்தில் அள்ளிக் கொடுத்தால் இன்னோர் இடத்தில் கிள்ளித்தான் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் டிராஃப்டின் அருமை தெரிகிறது. 2010இல் முதல் ஆளாகத் தேர்வான குவார்ட்டர்பேக் சாம் பிராட்ஃபோர்ட், என்எஃப்எல்லில் ஒரு பந்துகூட எறிவதற்கு முன்பே 6 ஆண்டுகளுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார். 2011இல் லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் புது உடன்பாடு செய்து, புதியவர்களின் சம்பளத்துக்குக் கடிவாளம் போட்டன. அந்த ஆண்டு முதல் ஆளாக வந்த கேம் நியூட்டனுக்குக் கிடைத்தது 4 ஆண்டுகளுக்கு 2.2 கோடிதான். அன்றிலிருந்து டிராஃப்டில் எடுத்த ஆள் நன்றாக ஆடினால், நான்கு ஆண்டுகளுக்கு அவர் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த நட்சத்திரம். முதல் சுற்றில் எடுத்தவரை ஐந்தாவது ஆண்டும் வைத்துக்கொள்ளும் உரிமை அணிக்கு உண்டு.

குவார்ட்டர்பேக் விஷயத்தில் இந்த வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. பர்ரோவின் முதல் ஒப்பந்தம் 4 ஆண்டுகளுக்குச் சுமார் 3.6 கோடி டாலர். 2023இல் போட்ட இரண்டாவது ஒப்பந்தம் 5 ஆண்டுகளுக்கு 27.5 கோடி; அதாவது ஆண்டுக்கு 5.5 கோடி. சான் பிரான்சிஸ்கோவின் பிராக் பர்டி 2022 டிராஃப்டின் ஆகக் கடைசி ஆள், 262ஆவது தேர்வு. ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலரைக்கூடத் தொடாத சம்பளத்தில் 2024 பிப்ரவரியில் சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் ஆடினார். 2025இல் அவருக்கும் 5 ஆண்டுகளுக்கு 26.5 கோடி கொடுக்க வேண்டியதாயிற்று. குவார்ட்டர்பேக் மலிவாக இருக்கும் அந்தச் சில ஆண்டுகளில்தான் மற்ற இடங்களில் தாராளமாகச் செலவழிக்கலாம். அதற்குப் பிறகு எங்கே சிக்கனம் என்ற கேள்வி வந்து கழுத்தைப் பிடிக்கும்.

சரி, குவார்ட்டர்பேக் கிடைத்துவிட்டார். அடுத்து யாருக்கு முதலிடம்?

ரன்னிங் பேக்கில் தொடங்கலாம், ஏனென்றால் அங்கே வாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2014இல் டல்லஸ் கவ்பாய்ஸின் டிமார்கோ மரே 1,845 கெஜம் ஓடி லீக்கிலேயே முதலிடம் பிடித்தார். அவருக்கு முன்னால் நின்ற லைன்மேன்களில் மூவர், டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடரிக், ஸாக் மார்ட்டின், முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். மறு ஆண்டு மரே ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனார். வேறு திட்டம், வேறு லைன். ஓட்டம் 702 கெஜமாகச் சுருங்கியது. டல்லஸோ அவர் இடத்தில் டேரன் மெக்ஃபேடனை ஓடவிட்டது. எல்லோரும் முடிந்துபோனவர் என்று எண்ணியிருந்த மெக்ஃபேடன் 1,089 கெஜம் ஓடினார்.

இதை மட்டும் வைத்து ரன்னிங் பேக் யாராக இருந்தாலும் ஒன்றுதான் என்று முடிவு கட்டுவது அநியாயம். ஸேகுவான் பார்க்லியைப் பாருங்கள். 2018 டிராஃப்டில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அவரை இரண்டாவது ஆளாக எடுத்தது. முதல் ஆண்டே 1,307 கெஜம் ஓடினார். அணி 16 ஆட்டங்களில் 11இல் தோற்றது. அங்கே இருந்த ஆறு சீசனில் ஒரே ஒரு முறைதான் ஜயன்ட்ஸ் பிளேஆஃபை எட்டியது. 2024இல் அவர் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு வந்தார், 3 ஆண்டுகளுக்கு 3.775 கோடிக்கு. அந்த சீசனில் 2,005 கெஜம். 2025 பிப்ரவரியில் சூப்பர் பவுல் கோப்பை. ஆள் அதே ஆள்தான், திறமையும் அதே திறமைதான். ஜயன்ட்ஸ் முதலில் வாங்கிய பொருளை ஈகிள்ஸ் கடைசியாக வாங்கியது. லைன், ரிசீவர், குவார்ட்டர்பேக் எல்லாம் கூடிய பிறகு அவரைக் கொண்டுவந்ததால் அவர் கால் வைத்த இடமெல்லாம் வழி திறந்தது.

அந்த ஈகிள்ஸ் லைனைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், எனக்கு இந்த ஆட்டத்திலேயே மிகவும் பிடித்த விஷயம் அது. வலது டாக்கிள் லேன் ஜான்சன் 2013 டிராஃப்டில் நான்காவது ஆள். இடது டாக்கிள் ஜோர்டன் மைலாட்டா ஆஸ்திரேலியாவில் ரக்பி லீக் ஆடியவர். 2018இல் ஏழாவது சுற்றில், 233ஆவது ஆளாக எடுக்கப்படும் வரை அமெரிக்கக் கால்பந்தில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. இடது கார்டு லேண்டன் டிக்கர்சனும் சென்டர் கேம் ஜர்கன்ஸும் வேறு வேறு ஆண்டுகளில் இரண்டாம் சுற்றில் வந்தவர்கள். வலது கார்டு மெக்காய் பெக்டன், நியூயார்க் ஜெட்ஸ் முதல் சுற்றில் எடுத்து, பிறகு விட்டுவிட்ட ஆள். ஈகிள்ஸ் ஓராண்டு ஒப்பந்தத்தில் குறைந்த சம்பளத்துக்கு எடுத்து, டாக்கிளாக இருந்தவரைக் கார்டாக மாற்றியது. ஐந்து பேரில் இருவர்தான் டிராஃப்டின் முதல் சுற்றுக்காரர்கள், அதிலும் ஒருவர் வேறு அணியின் தேர்வு. லைன் பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லாண்ட் பத்தாண்டுக்கு மேலாக அதே வேலையில் இருந்தார் என்பதும் சேர்த்துப் பார்க்க வேண்டிய விஷயம். ஆளைப் பிடிப்பது பாதிதான். செதுக்குவது மீதிப் பாதி.

லைனின் இயல்பே வேறு. ரிசீவர்கள் மூன்று பேர் ஓடினால், இருவரை எதிரணி நன்றாக மடக்கிவிட்டாலும் மூன்றாமவர் தப்பினால் போதும், பந்து அவருக்குப் போகும். அங்கே ஆகச்சிறந்தவர் எவ்வளவு சிறந்தவர் என்பதுதான் கணக்கு. லைனில் கணக்கு தலைகீழ். நான்கு பேர் அப்பழுக்கில்லாமல் மறித்து, ஒருவர் மட்டும் கோட்டை விட்டால் குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். ஐவரில் ஆக மோசமானவர் எவ்வளவு மோசம் என்பதுதான் அங்கே கேள்வி. எதிரணிப் பயிற்சியாளரும் வாரம் முழுக்க வீடியோ பார்த்து அந்த ஒருவரைத்தான் தேடுவார். கண்டுபிடித்துவிட்டால் தன் ஆகச்சிறந்த ஆளைக் கொண்டுபோய் அவருக்கு எதிரே நிறுத்துவார்.

ஆகவே ஒரு மகா லைன்மேனை வாங்கிவிட்டு லைன் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்துவிட முடியாது. ஐந்து இடத்திலும் ஓட்டை இல்லாமல் இருக்க வேண்டும். ஐவரும் நட்சத்திரமாக இருக்க வேண்டியதில்லை. சேஸா சூவலா என்ற வாதத்தில் பலரும் கவனிக்காமல் விட்ட விஷயம் இதுதான் என்பது என் எண்ணம்.

பெங்கால்ஸ் சேஸை எடுத்தது. சூவல் ஏழாவது ஆளாக டெட்ராய்ட் லயன்ஸுக்குப் போனார். முதல் சீசனிலேயே சேஸ் 1,455 கெஜம், 13 டச்டவுன். 2022 ஜனவரியில் கேன்சஸ் சிட்டி சீஃப்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 266 கெஜம், அதுவரை எந்தப் புதுமுகமும் தொடாத உயரம். அதே சீசனில் பர்ரோ 51 முறை சேக் ஆனார். அதாவது பந்து கையில் இருக்கும்போதே எதிரணியால் வீழ்த்தப்பட்டார். லீக்கிலேயே அதுதான் அதிகம். பிளேஆஃபில் டென்னஸி டைட்டன்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 9 சேக். எப்படியோ 19-16 என்று தப்பித்தார்கள். இரண்டு கட்சியுமே தாங்கள் சொன்னதுதான் சரி என்று சொல்லிக்கொள்ள எல்லா ஆதாரமும் இருந்தது.

பிறகு சூப்பர் பவுல், 2022 பிப்ரவரி 13. லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் 23-20 என்று முன்னிலை. ஒரு நிமிடத்துக்கும் குறைவான நேரம் மிச்சம். பெங்கால்ஸுக்கு நான்காவது முயற்சி, ஒரு கெஜம் வேண்டும். பந்து பர்ரோவின் கைக்கு வந்தது. வலப்பக்கமோ இடப்பக்கமோ ஓரத்திலிருந்து ஆபத்து வரவில்லை. உள்ளே, கார்டு நின்ற இடத்தைப் பிளந்துகொண்டு ராம்ஸின் ஏரன் டொனால்ட் வந்தார். பர்ரோவைப் பிடித்துச் சுழற்றினார். விழுந்துகொண்டே எறிந்த பந்து யாரிடமும் போகவில்லை. ஆட்டம் முடிந்தது. அந்த நேரத்தில் தொலைவில் சேஸைக் காவல் காத்த ஜேலன் ராம்சி கால் இடறி விழுந்திருந்தார். சேஸ் தன்னந்தனியாக ஓடிக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு வினாடி கிடைத்திருந்தால் என்ற ஏக்கம் சின்சினாட்டியில் இன்றைக்கும் இருக்கிறது. அன்றைக்கு மட்டும் 7 சேக். சீசனும் பிளேஆஃபும் சேர்ந்து 70.

சூவலை எடுத்திருக்க வேண்டும் என்பவர்கள் இந்தக் காட்சியைத்தான் காட்டுவார்கள். ஆனால் சூவல் டாக்கிள். உடைந்தது கார்டு இடம். சூவல் அன்றைக்கு அணியில் இருந்திருந்தாலும் டொனால்ட் நுழைந்த வாசலில் அவர் நின்றிருக்க மாட்டார். சேஸை எடுத்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை. தப்பு அதற்கு மறுநாள், இரண்டாம் சுற்றில் நடந்தது. 46ஆவது ஆளாகப் பெங்கால்ஸ் ஒரு லைன்மேனை எடுத்தது; அவர் நிலைக்கவில்லை. பதினேழு ஆள் தள்ளி, 63ஆவது இடத்தில் சீஃப்ஸ் எடுத்த சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி, லீக்கின் ஆகச்சிறந்த சென்டர்களில் ஒருவராக ஆனார்.

சீஃப்ஸ் அப்படித் தேடியதற்கும் ஒரு காயம் இருந்தது. 2021 பிப்ரவரி சூப்பர் பவுலில் டாம்பா பே பக்கனியர்ஸ் அவர்களை 31-9 என்று அடித்து நொறுக்கியது. வழக்கமான டாக்கிள்கள் இருவருமே காயத்தால் வெளியே. சீஃப்ஸின் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 29 முறை துரத்தப்பட்டார், சூப்பர் பவுல் வரலாற்றில் அதுவே அதிகம். ஒரு முறை உடம்பு தரைக்குக் கிடையாக அந்தரத்தில் இருக்கும்போதே பந்தை எறிந்தார். அது சரியாகப் போய் ரன்னிங் பேக்கின் ஹெல்மெட் முகப்பில் மோதி விழுந்தது. உலகின் ஆகச்சிறந்த குவார்ட்டர்பேக், மின்னல் வேக ரிசீவர் டைரீக் ஹில், டைட் எண்ட் டிராவிஸ் கெல்சி எல்லோரும் இருந்தும் அன்று ஒரு டச்டவுன்கூட இல்லை.

அடுத்த சில வாரங்களில் சீஃப்ஸ் லைனை அடியோடு மாற்றியது. கார்டு ஜோ தூனிக்கு 5 ஆண்டுகளுக்கு 8 கோடி கொடுத்து அழைத்தது. இடது டாக்கிளாக ஆர்லாண்டோ பிரவுனை வேறு அணியிடமிருந்து மாற்றிக்கொண்டது. டிராஃப்டில் இரண்டாம் சுற்றில் ஹம்ஃப்ரி, ஆறாம் சுற்றில் 226ஆவது ஆளாகக் கார்டு ட்ரே ஸ்மித். ஓராண்டு கழித்து, 2022 மார்ச்சில், ஹில்லையே மயாமிக்கு அனுப்பிவிட்டு ஐந்து டிராஃப்ட் வாய்ப்புகளை வாங்கிக்கொண்டது. மயாமி அவருக்கு 4 ஆண்டுகளுக்கு 12 கோடி கொடுத்தது. இனி சீஃப்ஸ் கதை முடிந்தது என்று பலர் சொன்னார்கள். 2023 பிப்ரவரி சூப்பர் பவுலில் எதிரே நின்றது சீசனில் 70 சேக் எடுத்திருந்த ஈகிள்ஸ். அன்று மஹோம்ஸ் ஒரு முறைகூடச் சேக் ஆகவில்லை. சீஃப்ஸ் 38-35 என்று வென்றது. அடுத்த ஆண்டும் கோப்பை அவர்களுக்கே.

அப்புறம் 2025 பிப்ரவரி. மறுபடியும் ஈகிள்ஸ். இந்த முறை சீஃப்ஸுக்கு இடது டாக்கிள் இடம் சரியாக அமையவில்லை. கார்டான தூனியையே அங்கே நகர்த்தி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்கள். ஓர் ஓட்டையை அடைக்கப் போய் இரண்டு இடம் பலவீனமாயிற்று. மஹோம்ஸ் 6 முறை விழுந்தார். 40-22.

சேஸை எடுத்தது தப்பில்லை, லைனைப் பின்சுற்றுகளில் கட்டிக்கொள்ளலாம் என்ற என் வாதத்துக்கு மறுப்பும் உண்டு, அது நியாயமானதும்கூட. தரமான டாக்கிள் உடல்வாகு கொண்டவர்கள் நாட்டில் குறைவு, முதல் சுற்றில் விட்டால் பிடிக்க முடியாது. ரிசீவர்களோ கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் கொட்டுகிறார்கள் என்பார்கள் லைன் கட்சிக்காரர்கள். டெட்ராய்ட் 2021இல் ஏழாவது ஆளாகச் சூவலை எடுத்துவிட்டு, நான்காம் சுற்றில் 112ஆவது ஆளாக அமொன்-ரா செயின்ட் பிரவுன் என்ற ரிசீவரை எடுத்தது. இன்று லீக்கின் முன்னணி ரிசீவர்களில் அவர் ஒருவர். ராம்ஸின் பூகா நக்குவா 2023இல் ஐந்தாம் சுற்றில் வந்து, முதல் சீசனிலேயே 1,486 கெஜம் எடுத்துப் புதுமுகங்களுக்கான சாதனையை உடைத்தார். டெட்ராய்ட் லைனில் தொடங்கி ரிசீவரைப் பின்னால் பிடித்தது. சீஃப்ஸிடம் ரிசீவர்கள் இருந்தார்கள், லைன்மேன்களைப் பின்னால் பிடித்தது. இரண்டு வழியும் ஓடியிருக்கிறது. டிராஃப்டின் பின்சுற்றுகள் நடக்கும் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் நல்ல கண்ணோடு ஆள் எடுக்கத் தெரிந்த அணிக்கு, முதல் சுற்று நடக்கும் முதல் நாள் வாதம் அவ்வளவு பெரிதாக உறுத்துவதில்லை.

2024 ஏப்ரல் 24 அன்று டெட்ராய்ட் ஒரே நாளில் இருவருக்கும் புது ஒப்பந்தம் போட்டது: சூவலுக்கு 4 ஆண்டுகளுக்கு 11.2 கோடி, செயின்ட் பிரவுனுக்கு 4 ஆண்டுகளுக்கு 12 கோடி. அந்த சீசனில் 17 ஆட்டங்களில் 15 வெற்றி, ஆனாலும் சூப்பர் பவுலை எட்டவில்லை. அதே சீசனில் சேஸ் 127 கேட்ச், 1,708 கெஜம், 17 டச்டவுன் என்று மூன்றிலும் லீக்கில் முதலிடம். பர்ரோவும் 43 டச்டவுன் எறிந்தார். டிஃபென்ஸ் ஓட்டையாக இருந்ததால் பெங்கால்ஸ் 9-8 என்று முடித்து, பிளேஆஃபைத் தவறவிட்டது.

2025 மார்ச்சில் பெங்கால்ஸ் சேஸுக்கு 4 ஆண்டுகளுக்கு 16.1 கோடியும், இன்னொரு ரிசீவர் டீ ஹிக்கின்ஸுக்கு 4 ஆண்டுகளுக்கு 11.5 கோடியும் கொடுத்தது. பர்ரோவையும் சேர்த்தால் மூவருக்கும் ஒப்பந்தச் சராசரி ஆண்டுக்கு 12.4 கோடி, அந்த ஆண்டின் மொத்த வரம்பு 27.92 கோடி. மீதியில் ஐம்பது பேர் வேண்டும். லைனின் உள்பக்கத்துக்குப் பெரிய சம்பளம் கொடுக்க அங்கே இடமில்லை, டிராஃப்டில் சரியாகப் பிடித்தால்தான் உண்டு. அந்த ஏப்ரலில் மூன்றாம் சுற்றில், 81ஆவது ஆளாக, பெங்கால்ஸ் எடுத்தது ஒரு கார்டு.